ஆமாங்க

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்
மொழிபெயர்ப்பேன் என்று கையுயர்த்தினேன்.
கோவை முகாமில் ஜெராக்ஸ் அறைக்குப் பக்கத்து அறை.
பச்சைத் துணி விரித்த மேசை, மூன்று அதிகாரிகள்.
மின்விசிறிக் காற்றில் சட்டப் புத்தகம் புரளாதிருக்க
அதன்மேல் ஒரு கண்ணாடி உருண்டை.

நான் ஹவில்தார் கிளார்க், கோபிக்காரன்.
பதினோரு வருடத்தில் என் பேச்சிலிருந்து
‘ங்க’வைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.
மிச்சமிருந்ததைப் பரமக்குடிக்காரன் ஒருவன்
கேலி பேசியே தீர்த்துவைத்தான்.

சிப்பாய் தரணிதரனை நடத்தி வந்தார்கள்.
தொப்பி இல்லை. பெல்ட் இல்லை.
பெல்ட் இருந்த இடத்தில் மட்டும் சட்டை வெளுக்கவில்லை.
ஊர் மூலனூர். வயது இருபத்துமூன்று.

‘உன்னை விசாரிக்கும் இவர்களில்
யார்மீதாவது ஆட்சேபணை உண்டா?’
மூவர் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
கர்னலைப் பார்த்து ‘நீங்கள் வேண்டாம்’ என்று
ஒரு சிப்பாய் சொல்ல முடிகிற இடம்
பட்டாளத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.
நான் கிண்டல் செய்கிறேனோ என்று பார்த்தான்.
‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.’

விடுப்பு முடிந்தும், போதுமான காரணமின்றி,
இருபத்தொரு நாள் திரும்பவில்லை.
குற்றவாளியா, இல்லையா?

‘ஆமாங்க.’

கர்னல் பிஷ்ட் பேனா மூடியைத் திறந்தார்.
‘கில்டி’ என் நுனிநாக்கில் இருந்தது.
ஆனால் எங்கள் பக்கம்
சில்லறை இல்லை என்று கண்டக்டர் சொன்னாலும் ஆமாங்க.
சம்பந்தி திட்டினாலும் ஆமாங்க.
நீங்கள் பேசுவது காதில் விழுகிறது,
அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

‘சார், இது ஒப்புதல் இல்லை.’

மொழிபெயர்ப்பவன் வாதாடக் கூடாது என்று
எதிர்ப்பக்கத்து மேஜர் எழுந்தார். நியாயம்தான்.
அவனுக்காக வந்திருந்த கேப்டன் சோனாலி
புத்தகத்தில் விரல் வைத்தார்:
புரியாமல் சொன்ன ஒப்புதல் ஒப்புதல் ஆகாது.
கர்னல் மூடியை மறுபடி மாட்டினார்.
‘இரண்டாகப் பிரித்துக் கேள்.’

இருபத்தொரு நாள் வரலையா?
‘ஆமாங்க.’
‘காரணமில்லாமயாங்க?’

ஹவில்தார் சிப்பாயிடம் ‘ங்க’ போட்டுவிட்டேன்.
யாருக்கும் புரியவில்லை, அவனைத் தவிர.

‘காரணமில்லாமயாங்க? நல்லாருக்குதே!
கரண்டு டவர் நடறதுக்கு எங்க காட்டுல
ஜேசிபியக் கொண்டாந்து உட்டுட்டாங்க.
எங்கய்யன் ஆஸ்பத்திரில, நான் காட்டுலயே கெடந்தனுங்க.’

‘காட்டிலா? ஒளிந்திருந்தானா?’ கர்னல்.
இல்லை சார், வனமில்லை.
மானம் பார்த்த நிலத்தை நாங்கள் காடு என்போம்.
இது முருங்கை வைத்த காடு, ஒன்றரை ஏக்கர்.
யானை கிடையாது, கடன் உண்டு.
(கடைசி வரி நான் சொல்லவில்லை.)

‘குற்றவாளி அல்ல’ என்று பதிந்து
சாட்சிகளைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் நடந்தது.
விடுப்பு நீட்டக் கேட்டு கம்பெனிக்கு மூன்று போன்;
எடுத்தவர் எழுதி வைக்கவில்லை.
ஆஸ்பத்திரிச் சீட்டு, தாசில்தாருக்குத் தந்த மனு,
பதினேழு நாள் வரை எல்லாம் பொருந்தியது.

‘மீதி நாலு நாள்?’
‘அய்யன் ஊட்டுக்கு வந்துட்டாருங்க.
கம்பியும் இழுத்துட்டாங்க.
சும்மா நின்னு அதையே பாத்துட்டு இருந்தனுங்க.’

இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.
எந்த விதத்திலும் அது காரணமாகவில்லை.
கேப்டன் சோனாலியும் தலையைக் குனிந்துகொண்டார்.

பதினேழுக்குக் குற்றமில்லை. நாலுக்குக் குற்றவாளி.
சம்பளத்தில் பிடித்தம். வேலை போகாது.
மேலிடம் உறுதிசெய்த பிறகே செல்லும்;
எதிர்த்து மனுப்போட உனக்கு உரிமை உண்டு.
மெதுவாக, வரிவரியாகச் சொன்னேன்.

‘செரிங்க.’

என்ன சொல்கிறான் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
‘புரிந்தது என்கிறான் சார்.’
எழுதிக்கொண்டார்கள்.
எதையோ குறைத்துவிட்டேன்.